இன்னும் ஒரே ஒரு சுற்று

'இன்னும் ஒரே ஒரு சுற்று' என்கிற ஆளை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். சுவரில் படத்தை நேராக மாட்டி, இறங்கி, ஏணியை மடக்கிச் சாத்திய பிறகு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்து, ஏணியை மறுபடி விரித்து, ஏறி, நன்றாக இருந்த படத்தைக் கோணலாக்கிவிட்டு வருகிறாரே, அவர்தான். முடிவெட்டும் கடையில் கண்ணாடியைப் பார்த்து, "இந்தப் பக்கம் மட்டும் இன்னும் ஒரு துளி" என்று ஆரம்பித்து, காதுக்கு மேலே சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் மிஞ்சாமல் எழுந்து வருபவரும் அவர்தான். விருந்துக்குப் போன வீட்டு வாசலில் நின்று "சரி, வரேன்" என்று நாலு தடவை சொல்லி, செருப்பையும் மாட்டிக்கொண்டு, கையையும் ஆட்டிவிட்டு, ஐந்தாவதாக ஒரு விஷயத்தை எடுத்து, அந்த ஒரு விஷயத்தினாலேயே அடுத்த ஆறு மாதத்துக்கு அந்த வீட்டில் கால் வைக்க முடியாமல் செய்துகொள்பவரும் வேறு யாருமில்லை.

பார்த்தால் தெரியாது. கொம்பு கிடையாது, வால் கிடையாது. நல்லவர்கள், உழைப்பாளிகள், அடுத்தவர் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் தூக்கம் வராதவர்கள். இவர்களுக்கு ஒரு காரியத்தை முடிக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். முடிப்பார்கள். முடித்த பிறகும் முடிப்பார்கள்.

இந்த இனத்தைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமா? ஒரு மார்பிள் கேக் செய்யச் சொல்லுங்கள். பாதி மாவில் ஆரஞ்சு, பாதி மாவில் சாக்லேட். நீளமான டின்னில் இதில் ஒரு கரண்டி, அதில் ஒரு கரண்டி என்று மாற்றி மாற்றி ஊற்றி, கத்தி நுனியை உள்ளே விட்டு மெதுவாக ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்றாவது சுற்று. அவ்வளவுதான், கத்தியை எடுத்துவிட வேண்டும். வெந்து ஆறியதும் வெட்டினால், மஞ்சளும் பழுப்பும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு போய்ப் பிடிக்காமல் நின்ற மாதிரி, துண்டுக்குத் துண்டு வேறு வேறு கோலமாக இருக்கும். இதைச் செய்யப் பெரிய திறமையெல்லாம் வேண்டியதில்லை. நிறுத்தத் தெரிந்தால் போதும்.

எனக்குத் தெரியாது.

நான் திரைச்சீலைக் கடையில் வேலை பார்க்கிறேன். பத்தொன்பது வருஷமாகிறது. ஜன்னலின் அகலத்தைச் சொன்னால் எத்தனை மீட்டர் துணி, எத்தனை மடிப்பு, எத்தனை வளையம் என்று வேறு பேச்சுப் பேசிக்கொண்டே சொல்லிவிடுவேன். அதில் இதுவரை யாரும் ஒரு விரற்கடை குறை கண்டதில்லை. ஆனால் கடைக்கு வந்த அம்மாள் ஒருத்தி முக்கால் மணி நேரம் யோசித்து, நாலு துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வீட்டுக்காரரிடம் போனில் சண்டை போட்டு, ஒருவழியாகப் பச்சைத் துணி ஒன்றைத் தடவி, "இதையே வெட்டிடுங்க" என்று சொல்லும் அந்த நேரத்தில் என் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"இன்னும் ஒரே ஒண்ணு காட்டுறேன். பிடிக்கலைன்னா விட்டுடுங்க."

அந்த ஒன்று சாம்பல் நிறமாக இருக்கும். சாம்பலைப் பார்த்ததும் அதுவரை அழகாக இருந்த பச்சை கொஞ்சம் வெளிறிப்போகும். அதற்கு நீலத்தைக் காட்டுவேன். நீலத்தைப் பார்த்ததும் அந்த அம்மாளுக்குத் தன் வீட்டு சோபாவின் நிறத்தில் சந்தேகம் வந்துவிடும். "வீட்டுல பாத்துட்டு வரேங்க" என்று எழுந்து போவாள். அப்படிப் போனவர்கள் திரும்பி வந்ததாகச் சரித்திரம் கிடையாது.

"அம்மா, அவங்க வெட்டச் சொல்லிட்டாங்கம்மா. கத்திரிக்கோல் உங்க கையிலதான் இருந்துச்சு. அதுக்கப்புறமும் எதுக்கும்மா ஒண்ணு?" என்பார் முதலாளி, அழாத குறையாக.

"அவங்களுக்கு நல்லதா அமையணுமேன்னுதான் சார்."

"அமைஞ்சிருச்சும்மா! நீங்கதான் கலைச்சிவிட்டீங்க!"

என் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். காலையிலிருந்து மாலை வரை அவர் வாயிலிருந்து வருவது மொத்தம் மூன்று வாக்கியம்: மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க. ஆச்சு, போகலாம். ஆச்சு என்று அவர் சொன்னால் ஆனதுதான். எலும்பு எப்படி இருக்கிறது, ஏன் உடைந்தது, இனிமேல் மாடிப்படியில் பார்த்துப் போக வேண்டாமா என்றெல்லாம் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல மாட்டார். அப்படிப்பட்ட ஒரு மனிதரை எனக்குக் கட்டிவைத்திருக்கிறார்கள். அவர் ஆச்சு என்று முடிக்கும் இடத்தில்தான் நான் ஆரம்பிப்பேன்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், தங்கை விஷயம் நடக்கும் வரை.

என் தங்கை ஒரு நர்ஸ். ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் நர்ஸ் இல்லை. படுக்கையை விட்டு எழ முடியாதவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து, புண்ணுக்குக் கட்டு மாற்றி, ஊசி போட்டு, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டார்களா என்று டப்பாவைத் திறந்து பார்த்துத் திட்டிவிட்டு வருகிற நர்ஸ். இரண்டு பஸ் மாறி, தோளில் பையுடன் நடந்து நடந்து, நாற்பத்து மூன்று வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். லைசென்ஸ் பரீட்சையில் முதல் தடவை தோற்றாள். இரண்டாவது தடவை பயத்தில் தோற்றாள். மூன்றாவது தடவை மழையில். நாலாவது தடவை எதனால் என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஐந்தாவது தடவை ஜெயித்துவிட்டு, பழைய சிவப்பு வண்டி ஒன்றை வாங்கி, நேராக எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"அக்கா, ஏறு. முதல் சவாரி உனக்குத்தான்."

ஏறினேன். கடைத்தெரு, பாலம், பள்ளிக்கூடம் என்று ஒரு பெரிய சுற்றுப் போனோம். அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அவ்வளவு கவனமாக ஓட்டினாள். வீட்டு வாசலில் இறங்கி, அவள் கன்னத்தைக் கிள்ளி, "பிரமாதம்டி. ராணி மாதிரி ஓட்டுற" என்றேன். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. அங்கே நான் வீட்டுக்குள் போயிருக்க வேண்டும்.

போனேனா?

காரின் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு சொன்னேன். "திருப்பத்துல மட்டும் எனக்குக் கொஞ்சம் திக்குனு இருந்துச்சு." அவள் சிரிப்பு பாதியானது. ஐயோ, மனசு நொந்துவிட்டதே என்று எனக்குப் பதறியது. சமாதானப்படுத்தத்தான் அடுத்த வாக்கியத்தைச் சொன்னேன், சத்தியமாக அதற்குத்தான். "ஆனா நாலு தடவை ஃபெயிலானதுக்கு இது எவ்வளவோ தேவலை."

ஜன்னல் கண்ணாடி மெதுவாக மேலே ஏறியது. என் கையை நான்தான் எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவள் வரவில்லை. போன் செய்தால், "டியூட்டியில இருக்கேன்." மறுபடி செய்தால், "பஸ்ல இருக்கேன், சத்தமா இருக்கு." பஸ்ஸிலா? தங்கையின் வீட்டுக்காரரைக் கேட்டால், அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: வண்டிக்கு உறை போட்டு மூடி வைத்திருக்கிறாள், எடுப்பதே இல்லை, ஊருக்கு வெளியே இருக்கிற நாலு நோயாளிகளை வேறு நர்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். "நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க அண்ணி" என்றார். தம்பி மாதிரிப் பழகுகிறவர், பாவம். மனதில் வைக்காமல் வேறு எங்கே வைப்பது? ஐந்து பரீட்சை எழுதி வாங்கிய தைரியத்தை அக்காக்காரி ஒரே வாக்கியத்தில் பிடுங்கிவிட்டாள். அவள் அந்தச் சாவியை மறுபடி கையில் எடுத்தாக வேண்டும். அதுவரை எனக்குச் சோறு இறங்காது என்று சொன்னால் பொய், இறங்கியது. ருசிக்கவில்லை.

கடைசியில் கடையிலிருந்து, முதலாளியின் போனில் கூப்பிட்டேன். என் எண் இல்லை என்பதால் எடுத்துவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வீட்டுக்கு வா. மார்பிள் கேக் செய்யறேன்."

"அரை மணி நேரம்தான் இருப்பேன்" என்றாள்.

"போதும்."

"பஸ்லதான் வரணும். முன்ன பின்ன ஆகும்."

"சரி."

உடனே வைத்துவிட்டேன். என் வாழ்நாளிலேயே அவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை. முதலாளி திகைத்துப்போய்ப் போனை வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், வெண்ணெய் இளகட்டும் என்று மேஜைமேல் எடுத்து வைக்கும்போதே வீட்டுக்காரர் எதிரே வந்து உட்கார்ந்துகொண்டார்.

"அவகிட்ட என்ன சொல்லப் போற?"

"தப்பாப் பேசிட்டேன், நீ நல்லாத்தான் ஓட்டுறேன்னு சொல்லப் போறேன்."

"நல்லது. அப்புறம்?"

"அப்புறம், நான் ஏன் அப்படிச் சொன்னேன்னா..."

"கிடையாது. அப்புறம் கேக்க வெட்டு."

"ஏங்க, காரணம் சொல்ல வேண்டாமா?"

"காரணத்தச் சொல்லித்தான் போன தடவை ஜன்னல மூடினா."

செய்முறையை ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். மூன்று சுற்றுக்கு மேல் கூடாது என்பதை நானே இரண்டு தடவை அடிக்கோடிட்டிருந்தேன். (ஒரு கோடு போதாதா என்று கேட்காதீர்கள்.) இந்தக் கேக்கை யார் கண்டுபிடித்தார்களோ, எங்கள் இனத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் கண்டுபிடித்திருக்க வேண்டும், கையை எடு, கையை எடு என்று அடிக்கு ஒரு தரம் அது சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஆரஞ்சுத் தோலைத் துருவும்போது மேலே இருக்கிற நிறம் மட்டும்தான் வர வேண்டும், வாசனையெல்லாம் அதில்தான். அடியில் இருக்கும் வெள்ளைத் தோல் கசக்கும். இரண்டு பழத்தையும் அழகாகத் துருவி முடித்துவிட்டேன். தட்டில் மஞ்சள் பொடியாகக் குவிந்து வீடே மணத்தது. ஆனால் முதல் பழத்தில் காம்புக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் நிறம் தெரிந்தது. வீணாகப் போகலாமா? அதைத் துருவினேன். அதன் பக்கத்தில் இன்னும் கொஞ்சம். கடைசியில் பழம் பஞ்சு உருண்டை மாதிரி வெள்ளையாக உட்கார்ந்திருந்தது.

வெண்ணெயையும் சர்க்கரையையும் வெளுக்கும் வரை அடித்தேன். இது ஒன்றுதான் எவ்வளவு அடித்தாலும் தகும் என்கிற வேலை, எனக்கென்றே விதித்தது. முட்டையை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றினேன். மைதாவைச் சலித்துக் கொட்டிய பிறகு கலந்தும் கலக்காமல் விட வேண்டும், அடித்தால் கேக் ரப்பராகிவிடும். விட்டேன். ஒரு மூலையில் சின்னதாக ஒரு மாவுக் கட்டி தெரிந்தது. அதை மட்டும் உடைத்தேன். உடைத்த இடத்திலிருந்து இன்னும் இரண்டு கட்டி என்னைப் பார்த்தன. கரண்டி எடுத்தவள் பாதியில் வைப்பாளா? மாவு பளபளவென்று, இழுத்தால் நீளும்படி ஆகிவிட்டது. பளபளப்பு நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாவை இரண்டு பாத்திரமாகப் பிரித்து, ஒன்றில் ஆரஞ்சுத் துருவலும் சாறும், இன்னொன்றில் சூடான பாலில் கரைத்த கோகோவும். பட்டர் பேப்பர் விரித்த டின்னில் மாற்றி மாற்றி ஊற்றி முடித்தேன். கத்தியை எடுத்தேன். வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து பக்கத்தில் வந்து நின்றார்.

ஒன்று. மஞ்சளுக்குள் பழுப்பு வளைந்து போனது. இரண்டு. அதன் வால் சுருண்டது. மூன்று. ஆகா! நானா செய்தேன் என்று இருந்தது. புகை சுருள்கிற மாதிரி, ஆற்றில் இரண்டு தண்ணீர் கலக்கிற மாதிரி ஒரு கோலம்.

"ஆச்சு" என்றார் அவர். "கத்திய எடு."

"எவ்வளவு அழகா வந்திருக்கு பாருங்க."

"பாத்தேன். எடு."

"இந்த வலது மூலையில மட்டும் வெறும் மஞ்சளா இருக்கே."

"இருக்கட்டும்."

"அவளுக்கு அந்தத் துண்டு போயிட்டா?"

"மூச்ச இழுத்துப் பிடி. அசையாதே."

பிடித்தேன். பத்து எண்ணும் வரை பிடித்திருப்பேன். ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டே கையை அசைக்க முடியும் என்பது ஆஸ்பத்திரியில் யாரும் அவரிடம் சொல்லாத விஷயம். வலது மூலையில் ஒரே ஒரு சுற்று. அது நன்றாகத்தான் வந்தது. அதனால் இடது மூலை மொட்டையாகத் தெரிந்தது. அங்கே ஒன்று. இப்போது இரண்டு ஓரமும் நெருக்கமாக, நடு வெறிச்சென்று. நடுவில் இரண்டு. அவர் ஒன்றும் சொல்லாமல் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பதினோராவது சுற்றிலா, பதினாலாவதிலா, தெரியவில்லை, கத்தியைத் தூக்கிப் பார்த்தேன். டின் முழுக்க ஒரே நிறம். மழைக்காலத்துச் சாலையோரப் பள்ளத்தின் நிறம்.

அப்படியே ஓவனில் தள்ளினேன். இருபத்தைந்தாவது நிமிடத்தில், எழும்புகிறதா என்று பார்க்க ஒரே ஒரு முறை திறந்தேன். எழும்பிக்கொண்டுதான் இருந்தது. நான் பார்த்ததும் நடுவில் உட்கார்ந்துவிட்டது.

மறுபடி முதலிலிருந்து செய்ய நேரமில்லை. நாலு மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது தங்கை வந்துவிட்டாள், பஸ் அன்றைக்கென்று சீக்கிரம் வந்ததாம். மெலிந்திருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றி, ஜோடியாக வைத்து, "என்ன அத்தான், சௌக்கியமா?" என்று அவரிடம் கேட்டாள். என்னைப் பார்த்து, "ம்" என்றாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டாள். தோளிலிருந்து பையை இறக்கவில்லை.

டீ வந்தது. கேக் வந்தது. ஒரு துண்டை வெட்டி அவள் தட்டில் வைத்தேன். அதைத் திருப்பி இந்தப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் பார்த்தாள்.

"மார்பிள் கேக்னு போன்ல சொன்னே."

"ஆமா."

"மார்பிள் எங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "அரைச்சு உள்ளயே போட்டிருக்கா" என்றார்.

களுக்கென்று சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு, சிரித்திருக்கக் கூடாதே என்று முகத்தை மறுபடி இறுக்கிக்கொண்டாள். ஆனால் பை தோளிலிருந்து இறங்கித் தரைக்குப் போயிருந்தது. இதுதான் நேரம் என்று எனக்குத் தெரிந்தது.

"அன்னிக்கு நான் பேசினது தப்பு. நீ நல்லாத்தான் ஓட்டின."

சொல்லிவிட்டேன். தட்டைப் பார்த்தபடி அவள் பேசாமல் இருந்தாள். எங்கள் இனத்துக்கு உலகத்திலேயே தாங்க முடியாத ஒன்று இருக்கிறதென்றால், அது சொல்லி முடித்த வாக்கியத்துக்குப் பின்னால் வருகிற அந்த அமைதிதான். அடுத்த வாக்கியம் என் தொண்டையில் ஏறிக்கொண்டிருந்தது. நான் ஏன் அப்படிச் சொன்னேன்னா. உன் நல்லதுக்குத்தான். திருப்பத்தில் மட்டும் கியரைக் கொஞ்சம் முன்னாலேயே மாற்றினால். ஒன்றன்பின் ஒன்றாக, பஸ்ஸில் ஏற நிற்பவர்கள் மாதிரி முண்டிக்கொண்டு நின்றன. எதிரே என் வீட்டுக்காரர் கண்ணைச் சிமிட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய துண்டாக ஒன்றை எடுத்து வாய் முழுக்க அடைத்துக்கொண்டேன்.

"அப்புறம்?" என்றாள் தங்கை.

தலையை ஆட்டினேன்.

"அப்புறம் ஒண்ணுமில்லையா? ஒரு 'ஆனா' இருக்குமே."

இல்லை என்று மறுபடி தலையை ஆட்டினேன். அவள் நம்பவில்லை. நாற்பத்து மூன்று வருஷமாக என்னைத் தெரிந்தவள் எப்படி நம்புவாள்? தன் துண்டில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டு, மென்று, நிதானமாக விழுங்கினாள். பிறகு ஆரம்பித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா கசக்குது. ஆரஞ்ச வேரோட துருவினியா?"

இன்னொரு விள்ளலை வாயில் திணித்துக்கொண்டேன்.

"மெத்துனு இல்ல. இழுத்தா வருது. நடுவுல என்ன பள்ளம்? பாதியில திறந்து பாத்தியா? பாத்திருப்பே. இந்தக் கலரு... எங்க பேஷண்ட் ஒருத்தருக்கு முட்டியில பத்துப் போடுவாங்க, அந்தக் கலரு. இதெல்லாம் குறைன்னு நினைக்காதே. உனக்கு இது எவ்வளவோ தேவலை."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது என்னை நேராகப் பார்த்தாள். இரண்டு மாதமாகப் பையில் வைத்துத் திரிந்த கணக்கு அது. வட்டியோடு என் தட்டில் வைத்தாள். வலித்தது. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "ஆமா" என்றேன்.

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கரண்டியால் துகள்களை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"மறுநாளே எடுத்தேன்க்கா வண்டிய" என்றாள், தட்டைப் பார்த்தே. "முதல் திருப்பத்துல உன் குரல் கேட்டுச்சு. திக்குனு இருக்குன்னு. அப்படியே சுவத்துல உரசிட்டேன். அதுக்கப்புறம் சாவியத் தொட்டாலே உன் குரல்தான்."

இதற்கு என்ன சொல்வீர்கள்? முதல் முறையாக, அடக்குவதற்கே ஒரு வாக்கியம் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் எழுந்து போய் அவள் கோப்பையில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினார்.

அரை மணி நேரம் என்று வந்தவள் ஒன்றே கால் மணி நேரம் இருந்தாள். அந்தக் கேக்கில் இன்னும் இரண்டு துண்டு சாப்பிட்டாள், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு புதிய குறையோடு. கிளம்பும்போது மிச்சத்தை டப்பாவில் போட்டுக் கொடுத்தேன்.

"மூடி இறுக்கமா இருக்கா? பின் சீட்டுல வெச்சா உருளுமே."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"எந்தப் பின் சீட்டு?" என்றார் அவர்.

"அடுத்த தெருவுல, மருந்துக்கடை கிட்ட நிறுத்தியிருக்கேன் அத்தான்." முகம் சிவந்துவிட்டது. "இன்னிக்குத்தான் எடுத்தேன். இவ ஜன்னல்ல நின்னு நான் நிறுத்துறதப் பாப்பான்னுதான் அங்க."

பார்த்திருப்பேன். பொய் சொல்வானேன்?

மருந்துக்கடை வரை அவளோடு நடந்து போனேன். சிவப்பு வண்டி நின்றுகொண்டிருந்தது. நின்றுகொண்டிருந்தது என்று சொல்வது கொஞ்சம் தாராளம். முன்சக்கரம் ஒன்று நடைபாதைமேல் ஏறியிருக்க, பின்பக்கம் தெருவுக்குள் நீட்டிக்கொண்டு, யாரோ அவசரமாகக் கழற்றி எறிந்த செருப்பு மாதிரிக் கிடந்தது. இடது பக்கக் கதவில் சுவர் உரசிய கோடு. அவள் ஏறி உட்கார்ந்து, டப்பாவைப் பக்கத்தில் வைத்து, கண்ணாடியை இறக்கினாள்.

"சொல்லு" என்றாள்.

நடைபாதையைப் பார்த்தேன். சக்கரத்தைப் பார்த்தேன். அவள் கை ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தது.

"போயிட்டு வா" என்றேன்.

ஒரு நிமிடம் காத்திருந்தாள். வேறு எதுவும் வரவில்லை என்றதும் வண்டியைக் கிளப்பினாள். சக்கரம் நடைபாதையிலிருந்து தொம்மென்று இறங்கியது. தெரு முழுக்க இடது பக்க விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்துகொண்டே போக, கோடியில் போய், வலது பக்கம் திரும்பினாள். நன்றாகத்தான் திரும்பினாள். நடுங்காமல், ஒரே சீராக.

வீடு வந்து சேர்ந்ததும் அந்த விளக்கு விஷயத்தை வீட்டுக்காரரிடம் முழுசாகச் சொல்லித் தீர்த்தேன். எங்கேயாவது கொட்டியாக வேண்டுமே. அவர் கேட்டுக்கொண்டார். இருந்தாலும் போனை எடுத்து, தங்கைக்கு "இண்டிகேட்டர்" என்று ஒரு வார்த்தை தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன். அவர் கையை நீட்டிப் போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். முக்கால் மணி நேரம் கழித்து அது அங்கிருந்தே சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"சேர்ந்துட்டேன். நாளைக்குப் பழைய பேஷண்ட் நாலு பேரையும் திருப்பிக் கேக்கப் போறேன். அடுத்த ஞாயிறும் வரேன். உங்க வீட்டு வாசல்லயே நிறுத்துறேன். ஆனா நீ ஜன்னல் கிட்ட நிக்கக் கூடாது. கேக் செய்யறதா இருந்தா ஆரஞ்ச என்கிட்ட குடு, நான் துருவுறேன். இன்னும் ஒண்ணே ஒண்ணு சொல்லணும்..." என்று கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் இல்லையா?

சரி, இவ்வளவு நேரம் பொறுமையாகப் படித்தீர்கள். புத்தகத்தை மூடப் போகிறீர்கள். பக்கத்தில் இருப்பவர் எப்படி இருந்தது என்று கேட்பார். "நல்லாத்தான் இருக்கு" என்பீர்கள். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லையே! "ஆனா அந்தத் தங்கச்சி சமாதானமான இடத்துல மட்டும் இன்னும் கொஞ்சம்..." என்று இழுக்கிறீர்களா? அந்த ஆரஞ்சை இப்படித் துருவியிருக்கக் கூடாது, அப்படித் துருவியிருக்க வேண்டும் என்று அந்த இடத்திலிருந்தே உங்களுக்குக் கை பரபரக்கிறதா?

வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு. இன்னொரு நாற்காலி போட்டு வைக்கிறேன்.